எழுபதாயிரத்துக்குள் ஒரு கேமரா: கெட்டுப்போன படங்களிலிருந்து தொடங்குங்கள்

"எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் முதலில் அவர்களுடைய போனைத்தான் கேட்பேன். கேலரியைத் திறந்து, கடந்த ஆறு மாதத்தில் எடுத்ததில் சரியாக வராமல் போன படங்களை மட்டும் தனியாக ஒரு ஆல்பத்தில் சேர்க்கச் சொல்வேன். நன்றாக வந்த படங்களுக்குப் போனே போதுமானதாக இருந்திருக்கிறது, அதற்காக யாரும் பணம் செலவழிக்க வேண்டாம். வராமல் போனவைதான் உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும். ஐம்பது படம் கிடைத்தால் போதும். அழித்துவிட்டீர்கள் என்றால் ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கே, எந்த நேரம், யாரை, என்ன கெட்டது.

போன வருடம் கும்பகோணத்தில் இருக்கும் என் அக்கா கேமரா வாங்க நினைத்தபோது இதைத்தான் செய்தோம். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமேடா, ஒரு பேரைச் சொல்லு, ஆர்டர் போட்டுடறேன்" என்றாள். "ஒரு மணி நேரம் உட்காருக்கா, அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேருமாக அவள் போனைத் துழாவினோம். 53 படங்கள் தேறின. அதில் 31 ஆடிப்போனவை: ஹாலில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் பையன், மார்கழியில் விடிவதற்கு முன்னால் வாசலில் கோலம் போடும் மாமியார், மண்டபத்தில் பரதநாட்டியம் ஆடும் மகள். அந்தக் கடைசி வகையில் முகம் தெளிவாக இருக்கும், கை மட்டும் பஞ்சு மாதிரிக் கரைந்திருக்கும். 13 படங்கள் தூரத்தால் கெட்டவை, பள்ளி ஆண்டுவிழாவில் பன்னிரண்டாவது வரிசையிலிருந்து எடுத்தது, தேரின் மேலே இருக்கும் சாமி, ஏரியில் நாரை. பெரிதாக்கிப் பார்த்தால் முகத்தில் மெழுகு தடவியது போல் இருக்கும். மீதி 9 படங்கள் ஜன்னலுக்கு எதிரே ஆளை நிறுத்தி எடுத்ததால் முகம் கருத்துப்போனவை. அதற்குக் கேமரா எதுவும் வேண்டாம், ஆளை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினால் சரியாகிவிடும்.

ஆக, அக்காவுக்கு முதல் தேவை மங்கலான வெளிச்சத்தில் அசைகிறவர்களைப் பிடிப்பது, அடுத்தது தூரம். உங்கள் கணக்கு வேறு மாதிரி வரலாம். பட்டியலில் இருப்பது பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் எடுத்த ஊர்சுற்றல் படங்கள், சாப்பாட்டுப் படங்கள் என்றால், உண்மையாகவே சொல்கிறேன், இப்போதைக்குக் கேமரா வாங்காதீர்கள். அந்த வேலையை நல்ல போன் செய்துவிடும், எழுபதாயிரம் மிச்சம்.

டியூப்லைட் கணக்கு

எல்லா வேலைக்கும் ஆகும் கேமரா என்று நம் ஊரில் யாராவது கேட்டால், பாதி நேரம் அவர்கள் சொல்வது வீட்டுக்குள், கல்யாண மண்டபத்துக்குள், கோயில் பிரகாரத்துக்குள் நன்றாக எடுக்கும் கேமராவைத்தான். இந்த மூன்று இடத்திலும் நம் கண்ணுக்கு வெளிச்சம் போதுமானதாகத் தெரியும், கேமராவுக்கு அது மிகக் குறைவு. உட்கார்ந்து பேசுகிறவரை ஆடாமல் பிடிக்க 1/100 விநாடியாவது வேண்டும். ஓடும் குழந்தைக்கு 1/250, நடனத்துக்கு 1/250 முதல் 1/500 வரை. ஷட்டர் அவ்வளவு சீக்கிரம் மூடும்போது உள்ளே வரும் வெளிச்சம் குறைகிறது. போன் இதைச் சமாளிக்கப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. கோபுரத்துக்கும் கோலத்துக்கும் அது அற்புதமாக வேலை செய்யும், ஆனால் ஆள் அசைந்துவிட்டால் அடுத்தடுத்த படங்களில் கை வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒட்டும்போது கரைந்துபோகும். அக்கா மகளின் கை பஞ்சாகத் தெரிந்ததும் இதனால்தான்.

இதற்கு இரண்டு மருந்து: பெரிய சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு, அப்புறம் அகலமாகத் திறக்கும் லென்ஸ். சென்சாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபுல் ஃப்ரேம் என்பது 36 × 24 மில்லிமீட்டர். அதற்கு அடுத்த ஏபிஎஸ்-சி சுமார் 23.5 × 15.6, கேனானில் கொஞ்சம் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13. சின்ன பாக்கெட் கேமராக்களிலும் நீள ஜூம் கேமராக்களிலும் இருப்பது பெரும்பாலும் 6.2 × 4.6 அளவுதான். பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், ஏபிஎஸ்-சி அந்தச் சின்னதைவிட 13 மடங்கு பெரியது, ஃபுல் ஃப்ரேம் ஏபிஎஸ்-சியைவிட 2.4 மடங்குதான். நம் பட்ஜெட்டில் இருக்க வேண்டிய இடம் ஏபிஎஸ்-சி. ஃபுல் ஃப்ரேமுக்கு ஆசைப்பட்டு எழுபதாயிரத்தையும் பழைய பாடியில் (லென்ஸ் இல்லாத கேமராவில்) போட்டுவிட்டு, அதற்கு மாட்ட ஏதோ ஒரு மலிவு லென்ஸ் வாங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கும்.

இப்போது லென்ஸ். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கேமராவோடு வரும் கிட் லென்ஸ், 16-50 அல்லது 18-55, ஜூம் செய்த முனையில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறையத் திறப்பு அகலம்), சில லென்ஸில் அதுவும் இல்லை, 6.3தான். எஃப் 1.8 திறக்கும் ஒரு சாதாரண பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், எஃப் 5.6-ஐவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். எஃப் 1.4 என்றால் 16 மடங்கு. அதையே ஹாலில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எஃப் 1.8, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்) 3200, 1/125 விநாடியில் சரியாக வருகிற படம், கிட் லென்ஸில் அதே ஐஎஸ்ஓவில் 1/13 விநாடிக்கு இறங்கிவிடும். 1/13-இல் குழந்தை நிற்குமா? நிற்காது. ஐஎஸ்ஓவை 32000 வரை ஏற்றினால் பழைய வேகம் கிடைக்கும், படம் ரவையைத் தூவியது போல் இருக்கும்.

ஆகவே பணத்தைப் பிரிக்கும்போது கிட் லென்ஸோடு சேர்ந்த பாடிக்கு மூன்றில் இரண்டு பங்கு, பிரைம் லென்ஸுக்குப் பதினைந்திலிருந்து இருபதாயிரம், மீதியில் கார்டு, இன்னொரு பேட்டரி, பை என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். "லென்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முழுப் பணத்தையும் பாடியில் போட்டால் அந்த அப்புறம் வருவதே இல்லை. புதுக் கேமராவிலும் வீட்டுக்குள் எடுத்த படம் ஆடிப்போகும், மூன்று மாதத்தில் அது பீரோவுக்குள் போய்விடும். கிட் லென்ஸை இளக்காரமாக நினைக்க வேண்டாம். வெயிலில், கோபுரத்தடியில், இருபது பேர் நிற்கும் குடும்பப் படத்தில் அதுதான் கைகொடுக்கும்.

எந்த பிரைம் என்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. "ஃபிஃப்டி எம்எம் வாங்கு, மலிவு" என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல லென்ஸ்தான், ஆனால் ஏபிஎஸ்-சி கேமராவில் அதன் பார்வை குறுகிவிடும். பத்தடி தள்ளி நின்றால் அதில் அடங்குவது சுமார் 4.7 அடி அகலம், 3.1 அடி உயரம். நம் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு, அதிலும் சோபா, கட்டில், டிவி ஸ்டாண்டு எல்லாம் போக முதுகு சுவரில் இடிக்கும். நீங்கள் பின்னால் போக இடமில்லை, குழந்தை இடுப்பளவுதான் வரும். அதே பத்தடியில் 35 எம்எம் லென்ஸ் 6.7 அடி அகலமும் 4.5 அடி உயரமும் பிடிக்கும், 30 எம்எம் என்றால் 7.8-க்கு 5.2. குழந்தை முழுசாக அடங்கும், பக்கத்தில் பாட்டியும் வருவார். வாங்குவதற்கு முன்னால் வீட்டில் ஒரு டேப்பை எடுத்து, நீங்கள் வழக்கமாகப் படம் எடுக்கும் இடத்தில் எவ்வளவு தூரம் பின்னால் போக முடிகிறது என்று அளந்து பாருங்கள். முகத்தை மட்டும் அழகாக எடுக்க வேண்டும், வீட்டில் நீள வராண்டா இருக்கிறது என்றால் 50 எடுங்கள். வீட்டுக்குள் புழங்க 30-இலிருந்து 35 வரைதான்.

பாடி எது

புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் மிரர்லெஸ், அதாவது பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத வகை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மிரர்லெஸ் ஆளின் கண்ணைத் தானாகக் கண்டுபிடித்து அதிலேயே ஃபோகஸை வைத்துக்கொள்கிறது, எஃப் 1.8-இல் எடுக்கும்போது இது பெரிய உதவி, ஏனென்றால் அவ்வளவு அகலத் திறப்பில் கிட்டத்திலிருந்து எடுத்தால் மூக்கு தெளிவாகவும் கண் மங்கலாகவும் போக வாய்ப்பு அதிகம். டிஎஸ்எல்ஆரில் அதற்குப் பழக்கம் வேண்டும்.

இந்த விலைக்கு ஒட்டி நிற்பவை என்று நான் பார்ப்பது: கேனான் ஆர்50, நிகான் இசட்50, நிகான் இசட்30, சோனி இசட்வி-ஈ10, செகண்ட் ஹேண்டில் சோனி ஏ6400. விலை வாரத்துக்கு வாரம் மாறும், தீபாவளிக்கு முன்னால் இறங்கும், அதனால் ரூபாய்க் கணக்கை வாங்குகிற அன்று பாருங்கள். படத்தின் தரத்தில் இவற்றுக்குள் உங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இருப்பது வேறு இடங்களில்.

ஒன்று, வியூஃபைண்டர். இசட்30-இலும் இசட்வி-ஈ10-இலும் கண்ணை வைத்துப் பார்க்கும் துளையே கிடையாது. வீட்டுக்குள் உட்கார்ந்து வீடியோ எடுப்பவர்களுக்குப் பரவாயில்லை. சித்திரை வெயிலில் மதியம் பன்னிரண்டு மணிக்குத் தேர் பார்க்கப் போய் நின்று பாருங்கள், பின்பக்கத் திரையில் உங்கள் சட்டைதான் தெரியும், படம் தெரியாது. போதாததற்கு கேமராவைக் கை நீட்டிப் பிடிக்கும்போது ஆட்டமும் கூடும், முகத்தில் ஒட்டிப் பிடித்தால் நெற்றியும் இரண்டு கையுமாக மூன்று இடத்தில் தாங்கும். எல்லா வேலைக்கும் ஒரே கேமரா என்றால் வியூஃபைண்டர் இல்லாததை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இரண்டு, என்ன லென்ஸ் மாட்டலாம். பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்க்கு மவுண்ட் என்று பெயர், கம்பெனிக்குக் கம்பெனி அது வேறு. சோனியின் ஈ மவுண்டுக்குப் பல கம்பெனிகளும் பல வருடமாக லென்ஸ் செய்கின்றன, செகண்ட் ஹேண்டிலும் தாராளமாகக் கிடைக்கும். சிக்மாவின் 30 எம்எம் எஃப் 1.4 லென்ஸ் 2016-இலிருந்து இருக்கிறது, இந்தப் பட்ஜெட்டில் அதற்கு ஈடாக நான் இன்னொன்றைச் சொல்ல மாட்டேன். நிகான் இசட் மவுண்டுக்கும் அதே லென்ஸ் 2023-இல் வந்தது, நிகானே 24 எம்எம் எஃப் 1.7 என்று சிறிய லென்ஸ் ஒன்றும் போட்டிருக்கிறது. கேனான் ஆர்எஃப் மவுண்டில் ஏபிஎஸ்-சிக்கான சிக்மா, டாம்ரான் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் 2024-இல்தான் வரத் தொடங்கின, அதனால் செகண்ட் ஹேண்டில் குறைவு. ஆனால் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் லென்ஸ் இருந்தால், ஒரு அடாப்டர் வாங்கி ஆர்50-இல் ஆட்டோஃபோகஸோடு போடலாம். அப்படி லென்ஸ் கைவசம் இருக்கிறவர்களுக்கு ஆர்50தான் சரி.

ஆர்50-ஐவிட விலை குறைந்த ஆர்100-ஐக் கடையில் காட்டுவார்கள். அதன் திரை மடங்காது, தொட்டால் வேலை செய்யாது. போனில் பழகின கை திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். அந்த விலை வித்தியாசத்துக்கு ஆர்50-ஐ எடுப்பது நல்லது. அதே மாதிரி, பழைய கேனான் எம்50 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் யோசியுங்கள். அதன் இஎஃப்-எம் மவுண்டை 2023-இல் கேனான் முடித்துக்கொண்டது, புது லென்ஸ் இனி வராது, அந்த லென்ஸ்களைப் புதிய ஆர் கேமராவிலும் மாட்ட முடியாது.

மெகாபிக்சலை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. 12-க்கு 18 அங்குலப் பிரிண்டை, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்துப் போட 19 மெகாபிக்சல் போதும். மேலே சொன்ன எல்லாமே 20-லிருந்து 24 வரை இருப்பவை. கல்யாண ஆல்பத்தையே அதில் போடலாம்.

வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் மைக் மாட்டும் துளை இருக்கிறதா, திரை முன்னால் திரும்புகிறதா என்று பாருங்கள். இந்த விலையில் பாடிக்குள் ஆட்டம் தடுக்கும் வசதி பெரும்பாலும் கிடையாது, லென்ஸில் இருந்தால்தான் உண்டு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், அந்த வசதி உங்கள் கை ஆட்டத்தைத்தான் தடுக்கும், ஓடுகிற குழந்தையை நிறுத்தாது. கடையில் இதைச் சொல்லியே விற்பார்கள்.

பட்ஜெட் முப்பதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறது என்றால் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் இன்னும் நல்ல வழிதான். நிகான் டி5600, டி3500, கேனான் 200டி மார்க் 2 எல்லாம் நன்றாக உழைக்கும். டி3500-க்கு ஒரு சார்ஜில் 1,550 படம் என்று நிகானே கணக்குக் கொடுத்திருக்கிறது, மிரர்லெஸ்ஸில் முன்னூறு நானூறு வந்தாலே அதிகம். ஒரு எச்சரிக்கை: டி3500, டி5600 பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி வகை 50 எம்எம் லென்ஸ் மலிவாகக் கிடைக்கும், மாட்டினால் உட்காரும், ஆட்டோஃபோகஸ் மட்டும் ஆகாது. லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்க வேண்டும்.

தூரத்தால் கெட்ட படங்கள்தான் உங்கள் பட்டியலில் அதிகம், அதுவும் பகலில் பறவை, மைதானம் என்றால், லென்ஸ் மாற்றாத நீள ஜூம் கேமராவையும் பாருங்கள். பானசோனிக் எஃப்இசட்300 ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 25-இலிருந்து 600 எம்எம் வரை எஃப் 2.8-இலேயே நிற்கும். சென்சார் சின்னது, சாயங்காலம் ஆறு மணியோடு அதன் வேலை முடிந்தது. வேடந்தாங்கலுக்குக் காலையில் போகிறவருக்கு அது போதும், மண்டபத்துக்கு ஆகாது.

கடையில்

ஆன்லைனில் வாங்கினாலும் ஒருமுறை கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் பாடிக்குக் கீழே தொங்குகிறதா, கட்டைவிரல் தெரியாமல் ஏதாவது பட்டனை அழுத்துகிறதா, கண்ணாடி போட்டிருந்தால் வியூஃபைண்டரின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். உங்களுடைய எஸ்டி கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்குள் வெளிச்சம் குறைந்த மூலையில் கூட வந்தவரை நடக்கச் சொல்லி ஐஎஸ்ஓ 3200, 6400 இரண்டிலும் பத்துப் பத்துப் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பாருங்கள். கண்ணாடி ஷோகேஸுக்கு மேலே இருக்கும் அத்தனை விளக்கு வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் அழகாகத்தான் எடுக்கும்.

விலை கேட்கும்போது "ட்ரைபாட், ஃபில்டர், கிளீனிங் கிட், கார்டு எல்லாம் சேர்த்து காம்போ" என்பார்கள். அந்த ட்ரைபாட் உங்கள் கேமராவைத் தாங்காது, அந்தக் கார்டு எந்தக் கம்பெனி என்றே தெரியாது. காம்போ இல்லாமல் என்ன விலை என்று கேளுங்கள், கார்டைத் தனியாக நல்லதாக வாங்குங்கள். வி30 என்று அச்சடித்திருந்தால் போதும், அது விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும், இந்தக் கேமராக்களின் வழக்கமான 4கே வீடியோவுக்கு அது போதுமானது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்கள் ஊர்க் கடையோ, ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள், பெட்டியில் இருப்பதும் பாடிக்கு அடியில் இருப்பதும் பில்லில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்தாறாயிரம் குறைத்து "இம்போர்ட் பீஸ்" என்று கொடுப்பார்கள். பழுதானால் இங்குள்ள கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாரண்டி செல்லாது, "கடை வாரண்டி" என்று அவர்கள் சொல்வதற்குக் காகிதத்தில் எதுவும் இருக்காது.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்டு உட்கார்ந்தது இங்கேதான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கடையில் சாயங்கால நேரத்தில் ஒரு ஜூம் லென்ஸ் வாங்கினேன். முன் கண்ணாடி பளபளவென்று இருந்தது, ஜூம் வளையம் வழுவழுவென்று சுற்றியது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படர்ந்திருந்தன. ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. திரும்பக் கொண்டுபோனால் "நேத்து பார்த்துத்தானே எடுத்தீங்க" என்று சொல்லிவிட்டார்கள். பிரித்துச் சுத்தம் செய்ய ஆன செலவு லென்ஸ் விலையில் மூன்றில் ஒரு பங்கு, நூல் போன இடத்தில் கண்ணாடிப் பூச்சு அரித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால் லென்ஸைப் பார்க்கும் முறை இது. இரண்டு பக்க மூடியையும் கழற்றுங்கள். போன் டார்ச்சைப் போட்டு பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கத்தின் வழியாகப் பாருங்கள். அப்புறம் திருப்பி, முன்னாலிருந்து அடித்துப் பின்னால் பாருங்கள். ஜூமை இரண்டு முனைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள், உள்ளே கண்ணாடிகள் நகரும்போது மறைந்திருந்தது தெரியும். நாலைந்து தூசி இருந்தால் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது. நூல், கிளை, பனி படர்ந்த மாதிரி மங்கல், இதில் எது இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பாடியில் முதலில் கேட்க வேண்டியது ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை தடவை வேலை செய்திருக்கிறது என்ற எண். டி3500, டி5600 மாதிரி தொடக்கநிலைப் பாடிகளின் ஷட்டர் ஒரு லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. நிகானில் எடுத்த படத்தின் தகவலுக்குள்ளேயே இந்த எண் பதிவாகும், ஒரு படத்தை உங்கள் கார்டில் எடுத்து வந்து அதைப் படிக்கும் தளத்தில் போட்டால் தெரிந்துவிடும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் படம் எடுப்பார்கள், ஆக நாற்பது கல்யாணம் பார்த்த கேமரா தன் லட்சத்தைத் தொட்டிருக்கும். முப்பதாயிரத்துக்குள் இருந்தால் தைரியமாக எடுக்கலாம். அடுத்தது எஃப் 16-இல் வெறும் வானத்தை, அல்லது வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பாருங்கள், சென்சாரில் அழுக்கு இருந்தால் சாம்பல் புள்ளியாக வரும். ஊதினால் போகிற தூசி பரவாயில்லை, கீறல் போகாது. பிறகு கைப்பிடி ரப்பர் உப்பி ஒட்டுகிறதா, பேட்டரி வீங்கியிருக்கிறதா, கார்டு கதவு சரியாக மூடுகிறதா, மவுண்டைச் சுற்றியுள்ள திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திருகு தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

நல்லதாக வாங்கிவிட்டு நாமே அதற்கு ஃபங்கஸ் வரவைக்கக் கூடாது. கடலோர ஊர்களிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் காற்றிலேயே ஈரம். துணிப்பையில் சுற்றி பீரோவில் வைப்பதைவிட மோசமான இடம் இல்லை. இறுக்கமாக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதில் கால் கிலோ சிலிகா ஜெல், ஈரம் காட்டும் சின்ன மீட்டர், மொத்தம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீட்டர் 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஆரஞ்சு நிற ஜெல்லாகக் கேட்டு வாங்குங்கள், ஈரம் குடித்தால் நிறம் மாறும், ஓவனில் 100-இலிருந்து 120 டிகிரிக்குள் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்வதைக் கேட்காதீர்கள், லென்ஸுக்குள் மாவுதான் போகும்.

வாங்கின முதல் வாரம்

அக்கா கடைசியில் எடுத்தது செகண்ட் ஹேண்ட் ஏ6400, கிட் லென்ஸ், புது சிக்மா 30 எம்எம். வியூஃபைண்டர் இருந்தது, வீட்டு ஹாலுக்கு 30 எம்எம் அடங்கியது, ஷட்டர் கவுண்ட் பதினோராயிரம். முதல் நாளே ஒரு புகார் வந்தது: "படத்துல குறுக்க கருப்புப் பட்டை விழுதுடா." இது கேமராவின் கோளாறு கிடையாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல டியூப்லைட்டும் எல்இடியும் விநாடிக்கு 100 தடவை கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் ஷட்டரை 1/100-இல் வைக்கச் சொன்னேன், பட்டை போய்விட்டது. ஓடும்போது 1/250 தேவைப்பட்டால் லேசாக நிறம் மாறலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வீடியோவுக்கும் இதே காரணத்தால் 25 ஃப்ரேம், 1/50.

மற்றபடி ஷட்டரை நீங்கள் வையுங்கள், அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, முழுசாகத் திறந்து விடுங்கள், ஐஎஸ்ஓவை ஆட்டோவில் 6400 வரை போகவிடுங்கள், கண் ஃபோகஸைப் போட்டுவிடுங்கள். முதல் வாரத்துக்கு இது போதும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முன்னூறு படமாவது எடுத்துவிடுங்கள், கோளாறு இருந்தால் அதற்குள் தெரியும்.

அந்த முன்னூறையும் எங்கே எடுப்பது என்றால், கெட்டுப்போன படங்களின் ஆல்பத்தைத் திரும்பத் திறந்து, போக முடிந்த இடத்துக்கெல்லாம் அதே நேரத்துக்குப் போய் அதே படத்தை மறுபடி எடுங்கள். அக்கா அப்படித்தான் செய்தாள். விடியற்காலை ஐந்தரை மணி வாசல், எஃப் 1.4, 1/100, ஐஎஸ்ஓ 3200: மாமியாரின் ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவிலிருந்து மாவு இழையாக இறங்குவது தெரிகிறது. ஹால் படங்கள் சரியாகிவிட்டன. நடனத்தில் பத்துக்கு ஏழு தேறுகிறது, முன்வரிசையில் உட்கார்ந்தால். பன்னிரண்டாவது வரிசை இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு 55-210 ஜூம் ஒன்று செகண்ட் ஹேண்டில் தேடிக்கொண்டிருக்கிறோம், டார்ச்சோடு.